கம்பனியின் முதல் கட்டடம்

"நாங்க கட்டினதில இப்பவும் நிக்கிறது சீமெந்து வைக்கப் போட்ட கொட்டில் மட்டும்தான், புள்ள."

மண்டூருக்கு வாவியைக் கடக்கும் பாதைப் படகில் எனக்கு முன்னால் நின்ற வயதான மேசன் இப்படிச் சொன்னதும், பக்கத்தில் நின்ற பெண் எழுதுவதை நிறுத்தினாள். அவள் வேலை செய்யும் கட்டுமானக் கம்பனிக்கு ஐம்பது வயதாகிறது. விழா மலருக்கு முதல் கட்டடத்தைப் படமெடுக்க, அதைக் கட்டிய அவரையே கூட்டிக்கொண்டு போகிறாள்.

"முதல் கட்டினது பள்ளிக்கூடம் எண்டெல்லோ மலரில போட்டிருக்கம், ஐயா?"

"ஓம், பள்ளிக்கூடந்தான். மூணாவது மாரியோட சுவரெல்லாம் வெடிச்சுப் போச்சு. பொறகு இடிச்சுப்போட்டாங்க. இப்ப அந்தக் கொட்டிலுக்கதான் புள்ளைகள் படிக்குதுகள்."

"ரெண்டுக்கும் ஒரே சீமெந்துதானே? கொட்டில் மட்டும் ஏன் விழல்ல?"

"வேலை முடியுமட்டும் அதுக்கதானே முதலாளி படுத்தவர்."

கரை கிட்ட வந்துவிட்டது.

"சரி, கொட்டிலையே எடுப்பம். கம்பனிட பேர் சுவரில இருக்கா?"

"இருக்கு. நான்தான் பெரிசா எழுதினன். கீழ 'தற்காலிகம்' எண்டும் எழுதிக் கிடக்கு. அதை விட்டுட்டு எடுங்க, புள்ள."