புதுப்பொடவ வாணாம்

வாணாம் டாக்டரய்யா, அந்தப் புதுப்பொடவய எல்லம்மா கையில குடுங்க. அது வூடும் எரிஞ்சிதான போச்சி. கோவமா? உங்க மேல எனக்கு இன்னாத்துக்குக் கோவம்? உத்திரமேரூர்லருந்து பஸ் புடிச்சி வந்து, ஸ்கூல் வராண்டாவுல குந்திக்கினு, ஊர்க்காரனுக்கும் காலனிக்காரனுக்கும் ஒரே மருந்துதான் போட்றீங்க. அது ஞாயம். வலிக்குதுன்னு வந்தவன எந்தத் தெருன்னு கேக்கக் கூடாது.

ஆனா சமாதானம்னு ஆரம்பிச்சீங்க பாருங்க, அதான் பேஜாரா கீது. ஏரி மீன் ஏலத்துல எங்க சின்னப்பையனும் கேட்டான். கெவுருமெண்டு ஏலந்தான, யார்னா கேக்கலாம். அதுக்கு ஊர்க்காரங்க எங்க தெருவையே கொளுத்திட்டாங்க. இப்ப நாளைக்கி அம்மன் கோயில் வாசல்ல நாங்க கற்பூரம் அணைச்சி சத்தியம் பண்ணணுமாம். இன்னான்னு? சிம்னி வெளக்கு சாஞ்சி தானா பத்திக்கிச்சின்னு. இந்தச் செங்கேணியும் கட்டாயம் வரணும்னு உங்ககிட்ட சொல்லி அனுப்சாங்களா? கோயில் உள்ள நாங்க போவக் கூடாது, வாசல்ல நின்னு பொய்ச் சத்தியம் மட்டும் பண்ணலாமாம்.

சண்ட வாணாம்னுதான் நானும் சொல்றேன். அவுங்க கயனிக்கிப் போனாத்தான் எங்களுக்குக் கஞ்சி. அதுக்காவ நடந்தத நடக்கலன்னு சொன்னா, இன்னொரு நாளு இன்னொரு தெரு எரியும். அங்கியும் வெளக்குதான் சாஞ்சிருக்கும். நீங்க யார் பக்கமும் பேச மாட்டேன்றீங்க. சரி, அப்பிடி இருந்தாத்தான் ரெண்டு தெருவுக்கும் போயி மருந்து போட முடியும். நீங்க பேசாத இருங்க. எங்களையும் பேசாத இருன்னு சொல்லாதீங்க.

யாரும் பாக்கலியா? யார் சொன்னது? பெரிய பண்ண முத்துவேல் புள்ள ராஜாராமு, கையி வெந்துபோயி உங்ககிட்ட வந்துதே. வைக்கப்போர்ல நெருப்பு பட்டுதுன்னு சொல்லிச்சா? வந்தப்ப கையில ஒரு துணி சுத்தியிருந்துதே, பச்ச கரை போட்டது. நீங்கதான அவுத்தீங்க? கெடாசிட்டீங்களா? போவட்டும்.

நான்தான் சுத்துனேன். எங்கூட்டுக் கூரைல பந்தம் வெக்கசொல்ல, அந்தப் புள்ள கையிலயே பத்திக்கிச்சி. கத்திக்கினு கீழ வுழுந்து பொரளுது. இருந்தது ஒரு கொடம் தண்ணி. அதும் மேல ஊத்துனேன், வூட்டு மேல ஊத்தல. இன்னொரு வாட்டின்னாலும் அப்பிடித்தான் ஊத்துவேன்.

அதான் புதுப்பொடவ வாணாம்னேன். கோர்ட்டுல கூப்புட்ற வரைக்கும் இதையேதான் தொவச்சி தொவச்சிக் கட்டிக்கினு இருப்பேன். இதோ பாருங்க, முந்தானி கிழிஞ்சிகீது. பச்ச கரை.