பொழுது சாய்ந்தால் ஊருக்குள் நிற்கக் கூடாதவள்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் மாவட்ட ஆணையர் டெல்மர் அவர்களே, மாவட்டக் காவல் தலைவரான ஷெரீப் அவர்களே, சுரங்கத்தில் காய்த்த கைகளோடு முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியவர்களே, அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்திருக்கும் தாய்மார்களே! நெவாடாப் பாலையில் அடுப்படியையே கல்லூரியாகக் கொண்ட இந்த ஆக்னஸின் பணிவான வணக்கம்.

ஊரின் எல்லையில் உரிமம் பெற்ற அந்த வீடு இருக்கிறது. அங்கே உடலை விற்கும் பெண்களுக்கு விதி வகுப்பது இன்று நம் மாவட்டம். அந்த அதிகாரத்தைத் தலைநகருக்குத் தந்துவிடலாமா என்பதே இன்றைய கேள்வி. அந்தத் தொழில் பாவம் என்பவள் நான். ஆனாலும் தரக் கூடாது என்கிறேன். ஏன்?

சென்ற ஈஸ்டர் இரவுத் திருப்பலிக்கு மணி அடிக்கிறது. தேவாலய வாசலில், குளிரில், அந்த வீட்டுப் பெண் வெர்லீன் நிற்கிறாள்.

"உள்ள வாம்மா" என்றேன்.

"வேணாங்க. பொழுது சாஞ்சா நாங்க ஊருக்குள்ள இருக்கக் கூடாது. ஷெரீப் பாத்தா வேலை அட்டையப் பிடுங்கிடுவாரு. ஒரு பாட்டு கேட்டுட்டுப் போயிடறேன்."

யார் எழுதிய விதி அது? வானம் எழுதியதா? வாஷிங்டன் எழுதியதா? இதோ, நம் தலைவர் எழுதியது! சிரியுங்கள், அவரும் சிரிக்கிறார்.

அடுத்த ஆணையக் கூட்டத்துக்கு வெர்லீனை அழைத்துப் போய், அந்த இரவு நடந்ததைச் சொன்னேன்.

"டெல்மர், அந்த விதிய இவ மொகத்தப் பாத்துப் படிங்க."

"ஆக்னஸ், உனக்கு வேற வேலையே இல்லையா?"

"இருக்கு. ரொட்டிமாவு பொங்கிட்டிருக்கு. சீக்கிரம் படிங்க."

எழுந்து படித்தார். முதல் வரியிலேயே நிறுத்திவிட்டு, வெர்லீனைப் பார்த்தார்.

"ஏம்மா, அன்னைக்கு எவ்வளவு நேரம் வெளிய நின்ன?"

"ஒரு பாட்டுன்னுதான் நெனச்சேன் ஐயா. முடியற வரைக்கும் நின்னுட்டேன்."

விதியை நீக்க வாக்குக் கேட்டபோது முதலில் உயர்ந்தது அவர் கை. பெருமக்களே, செங்கடல் பிளந்ததை நான் பார்த்ததில்லை. ஒரு மனிதர் தம் கையெழுத்துக்கு எதிராகத் தம் கையையே தூக்கியதைப் பார்த்தேன்.

"கெட்ட விதிய எழுதினதும் நம்ம ஊர்தானே?" என்கிறார் பின்வரிசை அன்பர். ஆம், நம் ஊர்தான். இங்கே தவறினால் கதவைத் தட்டலாம். அங்கே எந்தக் கதவை வெர்லீன் தட்டுவாள்?

அந்த வார மாலைப் பூசைக்கு அவள் வந்தாள். கோயில் நிறைந்திருந்தது. டெல்மர் தம் மனைவியின் பக்கம் நெருங்கி அமர்ந்து அவளுக்கு இடம் விட்டார். தலைநகரம் சட்டம் இயற்றும். ஆனால் சற்றே நகர்ந்து உட்காருமா?

செவிகொடுத்த உங்கள் பொறுமைக்கு என் நன்றி. வாசலில் நிற்பவர்க்கும் சேர்த்து என் வணக்கம்.