கறுப்பு டேப் ஒட்டிய பிரேக் விளக்கு

பெயர், தகப்பனார் பெயர், விலாசம் முதல் தாளில் நான் சொல்லி எழுதியபடி. வயது 41. தொழில், சினிமாவில் கார் ஓட்டுவது. யூனிட்டில் என்னை ‘அவசரம்’ என்று கூப்பிடுவார்கள்.

இப்போது எடுக்கும் படம் இரண்டு ரேஸ் டிரைவர்களின் போட்டியைப் பற்றியது. முகம் நடிகர்களுடையது, ஓட்டுவது நாங்கள். நீலக் காரை என் தங்கை கணவரும் சிவப்புக் காரை நானும் ஓட்டினோம். முன்பு இருவரும் நிஜமாகவே ரேஸ் ஓட்டியவர்கள். ஆறு வருடத்துக்கு முன் கடைசி வளைவில் யார் யாரை இடித்தது என்று சண்டையாகி, அதன்பிறகு பேச்சுவார்த்தை இல்லை. ஒரே மேஜையில் சாப்பிட்டாலும் உப்பைத் தங்கையிடம்தான் கேட்போம். அவள் பாடு மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

வேலையில் மட்டும் தகராறு வந்ததில்லை. முன்னால் போகிறவர் வளைவுக்கு முன் பிரேக் விளக்கை இரண்டு தடவை மினுக்குவார், பின்னால் வருகிறவர் வேகத்தைக் குறைத்து உள்பக்கம் ஏறுவார். ஆறு வருடமாக நாங்கள் பேசிக்கொண்டது அந்த விளக்கில்தான்.

சம்பவத்தன்று காலை பத்து மணிக்கு என் கார் முகப்பில் கேமரா கட்டினார்கள். முன் காரின் சிவப்பு வெளிச்சம் படத்தில் அடிக்கிறது என்று நீலக் காரின் பின்விளக்குகளில் கறுப்பு டேப் ஒட்டினார்கள். நான் டீ குடித்தபடி அதைப் பார்த்தேன். மாப்பிள்ளை பத்தடி தள்ளி நாற்காலியில் உட்கார்ந்து கையுறை மாட்டிக்கொண்டிருந்தார். விளக்கு தெரியாது, வேறு சைகை வேண்டும் என்று போய்ச் சொல்லத் தோன்றியது. அவரே முதலில் வாயைத் திறக்கட்டும் என்று இருந்துவிட்டேன். அது என் வீம்பு.

அதன்பிறகு ஷாட் தொடங்கியது. வளைவு நெருங்கியபோது, மூடியிருப்பது தெரிந்தும் பழக்க தோஷத்தில் என் கண் விளக்கையே தேடியது. நீலக் கார் வேகம் குறைந்ததை உணர்வதற்குள் இடித்துவிட்டேன். அது இரண்டு தரம் உருண்டு டிராக் ஓரத்து டயர் அடுக்கில் மோதி நின்றது. நான் ஓடிப்போய் பெல்ட்டை அறுத்து அவரை வெளியே இழுத்தேன். நினைவில்லை, கால் முறிந்திருந்தது.

அதன்பிறகு ஆஸ்பத்திரியில் அவருக்கு நினைவு திரும்பியதும் தங்கை என்னை உள்ளே தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தினாள். அவர்தான் முதலில் பேசினார்.

“மச்சான், டேப்ப நானும் பாத்தேன். நீங்க வந்து சொல்லுவீங்கன்னுதான் உக்காந்திருந்தேன்.”

நான் அழுதேன். அதன்பிறகு ஒன்றரை மணி நேரம் பேசினோம். பழைய வளைவுச் சண்டையில் இன்னும் அவர் பேச்சுக்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை. சத்தம் தாங்காமல் நர்ஸ் என்னை வெளியே அனுப்பினார். மூன்று மாதத்தில் நடப்பார் என்று டாக்டர் சொன்னார்.

முன்விரோதத்தில் இடித்தேன் என்று படக் கம்பெனி மேனேஜர் கொடுத்த புகார் சரியல்ல. இடித்தது வேண்டுமென்று அல்ல. சொல்லாமல் இருந்ததுதான் வேண்டுமென்று. அதற்கு என்ன தண்டனையோ ஏற்றுக்கொள்கிறேன்.

எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். கூட்டல் குறைத்தல் இல்லாமல் என் வாய்ச்சொல்தான், உண்மைதான். ஆஸ்பத்திரியில் பார்வை நேரம் ஆறு மணியோடு முடிகிறது, மாப்பிள்ளை காத்திருப்பார் என்பதால் ஐயா அவர்கள் என்னைச் சீக்கிரம் அனுப்பும்படி கேட்டுக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)