பட்டம் பிடித்துவிட்டவர்

காலை ஆறே முக்கால். தொண்டைமானாற்றுப் பாலம் தாண்டி மேற்கே போகும் கரையோர வீதி. ஒரு பக்கம் கூரையில்லாத வீடுகள்… மறுபக்கம் கடல். வாடைக் காற்றில் மணல் பறந்து வந்து முகத்தில் குத்தியது. சிவதர்ஷன் மோட்டார் சைக்கிளை நிறுத்தினான். நாய்கூட இல்லை…

"நிப்பாட்டு, நிப்பாட்டு," என்றான் பார்த்தீபன். "பேயெண்டால் பன்ரண்டு மணிக்கெல்லோ வரும். உவள் விடியக்காலமை கூட்டிக்கொண்டு வாறாள்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் இந்தக் கதையைச் சொன்னது நேற்றிரவு, வல்வெட்டித்துறை, பார்த்தீபன் வீட்டு மேல்மாடியில். காற்றில் மின்சாரம் போய்விட்டது. ஒரு சார்ஜ் லைற்றைச் சுற்றி நாலு பேர் நெருங்கி இருந்தோம். விடிந்தால் பயணம். வான் வண்டியில் மூன்று நாள், கரையோரமாக மன்னார் வரை. காற்று நல்ல இடத்தில், பட்டம் இழுக்கப் பலகையில் கடல்மேல் பாயும் கைற்சேர்ஃபிங், அலை நல்ல இடத்தில் சேர்ஃபிங். பார்த்தீபன் போனில் வரைபடத்தை விரித்து, இறங்கப்போகும் கரைகளுக்குச் சிவப்புப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தான்.

முதற் புள்ளி அந்தக் கரை. அதனால்தான் வாய் திறந்தேன்.

சிவதர்ஷன் என் தோழி தனுஷிகாவின் அண்ணன். நோர்வேயில் வளர்ந்தவன். இந்தப் பயணமே அவன் போட்ட திட்டம். போன சனிக்கிழமை கால் முறிந்து இப்போது ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். மோட்டார் சைக்கிளால் விழுந்ததாக எல்லோருக்கும் சொன்னான். தங்கையிடம் மட்டும் நடந்ததைச் சொன்னான்.

"பிறகு?" என்றாள் துஷாந்தினி. பார்த்தீபனின் தங்கை. வான் ஓட்டப்போகும் ஜெறோம் போர்வையை இழுத்துக்கொண்டான்.

அந்தப் பெரிய பட்டத்தைத் தனியாக ஏற்றுவது கடினம். இருபது மீற்றர் தள்ளி ஒருவர் அதன் விளிம்பைப் பிடித்து நிற்க வேண்டும். ஏற்றுகிறவன் பெருவிரலை உயர்த்திக் காட்டுவான். எல்லாம் சரி. பிடித்திருப்பவரும் காட்டிவிட்டுக் கையை விடுவார்.

சிவதர்ஷன் கயிறுகளைக் கொழுவி, இடுப்புப் பட்டியை இறுக்கி, நிமிர்ந்தான். மணலில் கிடந்த பட்டத்தை யாரோ பிடித்துக்கொண்டு நின்றார்…

சட்டையில்லை. இடுப்பில் கட்டும் சாரமும் இல்லை. அரைக் காற்சட்டை மட்டும். உடம்பிலிருந்து தண்ணீர் வடிந்தது. மண்ணெண்ணெய் மணம். காற்று வேறு பக்கத்தால் அடித்தது. மணம் மட்டும் நேரே வந்தது. கடற்றொழிலாளி யாரோ உதவுகிறார் என்று நினைத்தான். பெருவிரலைக் காட்டினான். அவரும் காட்டினார். விட்டார்.

பட்டம் கூவிக்கொண்டு எழுந்தது. பொங்கலுக்கு ஏற்றும் பட்டங்களில் கூவுவதற்கென்று விண் கட்டுவோமே… அந்தக் கூவல். அவன் பட்டத்தில் விண் இல்லை.

காற்று கரையை நோக்கி அடித்தது. பட்டம் அவனைக் கடலுக்குள் இழுத்தது. நான் படித்த பௌதிகத்தில் இதற்கு இடமில்லை. கரை சிறுத்துக்கொண்டே போனது… ஓரிடத்தில் கூவல் நின்றது. பட்டம் பொத்தென்று விழுந்தது. கயிறுகள் காலைச் சுற்றி இறுக, எலும்பு மளுக்கென்றது. அவன் இரண்டு கையையும் வீசிக் கத்தினான்.

அவர் கரையில் நின்று பார்த்தார். பெருவிரலை உயர்த்திக் காட்டினார்.

மறுபடி வீசினான். மறுபடி காட்டினார். மயிலிட்டிப் படகொன்று வந்து தூக்கும்வரை… ஒவ்வொரு முறையும்.

ஒருவரும் சிரிக்கவில்லை.

"குளிரிலை அவனுக்கு மண்டை விறைச்சிருக்கும்," என்றான் பார்த்தீபன்.

"அது ஆரெண்டு சிவா அண்ணைக்கு இப்பத் தெரியும்," என்றேன்.

போன தை மாதம். அதே கரை, அதே நேரம். கடற்றொழிலுக்குப் போன வாகீசன் அண்ணையின் படகு கவிழ்ந்துவிட்டது. அதன் முதுகில் ஏறி நின்று, சாரத்தைக் கழற்றி வீசினார். கடலில் ஒருவர் சாரத்தை வீசினால் உதவிக்குக் கூப்பிடுகிறார் என்று இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். அன்று அங்கே பட்டத்தோடு பாய்ந்துகொண்டிருந்த, நோர்வேயில் வளர்ந்த சிவதர்ஷனுக்குத் தெரியவில்லை. தன் விளையாட்டை ரசிக்கிறார் என்று நினைத்தான். பெருவிரலைக் காட்டினான். அவருக்காக ஒரு தடவை உயரப் பாய்ந்தும் காட்டினான்.

மறுநாள் படகு மயிலிட்டியில் ஒதுங்கியது. ஆள் வரவில்லை.

அவர் மனைவி உதயகலா அக்கா இன்னும் பொட்டை அழிக்கவில்லை. இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டி செய்யவில்லை. இந்தியப் படகு ஏதும் ஏற்றியிருக்கும் என்று, மனிசனின் படத்தோடு ஒவ்வொரு அரசாங்கக் கந்தோராக ஏறி இறங்குகிறார். யாரும் காணவில்லை என்றுதான் அவருக்குச் சொல்கிறார்கள்.

"சிவா அண்ணைக்குத் தெரியாது. சரி," என்றேன். "கரையிலை நிண்டு வீடியோ எடுத்தவனுக்குத் தெரியும். அவன் இந்த ஊர்."

பார்த்தீபனை நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். நேற்றிரவு கூப்பிடவில்லை.

"அண்ணை… நீங்களோ?" என்றாள் துஷாந்தினி.

"நான் அவரைக் காணேல்லை. போனுக்குள்ளாலை சிவாவை மட்டும்தான் பார்த்தனான். சத்தியமாய்."

"எண்டால் போட்டுக் காட்டு," என்றேன்.

"அழிச்சிட்டன்."

"அழிக்கேல்லை. சிவா அண்ணை கேட்டு, முந்தநாள் அனுப்பினனீ. ஆஸ்பத்திரியிலை ஆறு தரம் பார்த்தனான். வாகீசன் அண்ணை வீசினது நீலக்கோட்டுச் சாரம்," என்றேன். "நாளைக்கு அந்தக் கரைக்கில்லை. உதயகலா அக்கா வீட்டை போறம். உதை அவவுக்குக் காட்டப் போறம்."

துஷாந்தினி அவன் கையிலிருந்த போனைப் பிடுங்கினாள். தேடினாள். இருந்தது.

நாலு தலையும் குனிந்தன. சிவதர்ஷன் பாய்கிறான். நுரை. காற்றின் இரைச்சல். அதற்கு மேலால் பார்த்தீபனின் சிரிப்பு. "இன்னொருக்காப் பாயடா! அங்கை பார், அந்த அண்ணை கைகாட்டுறார்!"

ஒருவரும் அவனைப் பார்க்கவில்லை. ஜெறோம் மட்டும் அவனைவிட்டுக் கொஞ்சம் நகர்ந்து இருந்தான்.

நான் பின்னால் தெரிந்த படகைப் பார்த்தேன். சாரம் இடமும் வலமுமாக வீசப்படும் இடம் இது…

"சாரம் எங்கை?" என்றாள் துஷாந்தினி. "இதைக் கொண்டுபோய் அந்த அக்காட்டை என்னெண்டு காட்டுறது?"

சாரம் இல்லை. கவிழ்ந்த படகின்மேல் அரைக் காற்சட்டையோடு அவர் அசையாமல் நின்றார். பெருவிரல் உயர்ந்திருந்தது. சிவதர்ஷனைப் பார்த்தல்ல. கரையில் போன் பிடித்து நின்றவனைப் பார்த்து.