பதினோரு குறிப்பு

இல்லம்மா, எனக்கு சுகர் எல்லாம் கிடையாது. அவரு முன்னாடி மட்டும்தான் சர்க்கர இல்லாத டீ. அப்புறம் அடுப்படிக்கு வந்து மூணு ஸ்பூன் போட்டு இன்னொண்ணு குடிச்சாத்தான் எனக்குப் பொழுது விடியும். ஏன்னு கேக்கறியா? அவரப் பாத்துக்க வந்த மொத நாளே எல்லாத்தையும் கேட்டுடணுமா உனக்கு? சரி, உக்காரு. அவரு எழுந்திரிக்க இன்னும் கால் மணி நேரம் ஆகும். பெரிய போன் மாதிரி இருக்கற இந்த டேப்லெட்ட மொதல்ல பழகிக்கோ. இப்ப இதுதான் எங்க வீட்டுக்காரரோட மூளை.

காய்ச்சல் தலைக்கு ஏறினதுல ஒருத்தரையும் தெரியாமப் போச்சு. இன்னிக்குச் சொன்னா நாளைக்கு இருக்காது. காலையில எழுந்து இதப் படிச்சுத்தான் யாரு எவருன்னு தெரிஞ்சுக்கறாரு. நோவு வர்றதுக்கு முன்னாடியே தும்மினாக்கூட எழுதி வைக்கிற மனுஷன். அதுல தப்பிச்சோம்.

இங்க பாரு, ரெண்டு பட்டியல். இது ஆளுங்க. போட்டோ, பேரு, என்ன உறவு. இது நடந்த விஷயம். ஒவ்வொரு குறிப்பையும் ஒரு ஆளோட இணைச்சிருப்பாரு. என் தம்பி போட்டோவத் தொடு. பாத்தியா, அவனப் பத்தினது எல்லாம் வரிசையா வருது. குறிப்புக்குள்ள யாரு பேரும் இருக்காது. அவன் வந்தான், அவ போனா, அவ்வளவுதான். பேரு அந்த இணைப்புல மட்டும். கெட்டிக்காரரு. யாராவது எட்டிப் பார்த்தா தெரியக் கூடாதுல்ல.

இப்ப என் போட்டோவத் தொடு. முந்நூத்திப் பன்னெண்டு. ஆமா, நெறையத்தான். படி. மழையில ஒரே குடையில வந்தோம். பஸ்ஸுல மெதுவாப் பாடினா. சர்க்கர போடாத டீதான் அவளுக்குப் பிடிக்கும்.

என்ன சிரிக்கிற? குடுத்து வச்சவளா? நானா? பஸ்ஸுல பாடற மூஞ்சியா இது?

ஆஸ்பத்திரியில இருந்து கூட்டிட்டு வந்த அன்னிக்கு, அவருகிட்ட குடுக்கறதுக்கு முன்னாடி நான் தொறந்து பார்த்தேன். என் பேருல பதினொண்ணு. இருபத்தாறு வருஷத்துக்குப் பதினொண்ணு. கேஸ் சிலிண்டர் தீர்ந்துபோச்சுன்னு சொன்னா. கோவமா இருக்கா. மறுபடியும் கேஸ். இந்த முந்நூத்திப் பன்னெண்டும் அவரோட ஆபீஸ்ல வரைபடம் போடற ஒருத்தி பேருல இருந்துச்சு.

ஒரு வாரம் உக்காந்து இணைப்ப ஒண்ணொண்ணா மாத்தினேன். அவளோடது எனக்கு, என்னோடது அவளுக்கு. ஒரு எழுத்துகூட அழிக்கல.

இப்ப தினமும் இதப் படிச்சுட்டு என்னப் பார்ப்பாரு பாரு. கட்டிட்டு வந்த நாள்ல இருந்து நான் பார்க்காத பார்வை அது. எனக்கு இல்லன்னு தெரியும். தெரிஞ்சேதான் பக்கத்துல போய் உக்கார்றேன். கேவலமா இருக்கா? எனக்கும்தான்.

போன மாசம் அவ வந்தா, பழம் எல்லாம் வாங்கிட்டு. இவரு நிதானமா இதத் தொறந்து அவ போட்டோவத் தேடி எடுத்தாரு. பதினொண்ணையும் படிச்சாரு. அப்புறம் நிமிர்ந்து பார்த்து, கேஸ் தீர்ந்துபோச்சான்னு கேட்டாரு.

வாசல் வரைக்கும் அழுதுட்டே போனா. ஒரு நாள் கேட்டதுக்கே அவளால தாங்க முடியல.

கட்டில் சத்தம் கேக்குது, எழுந்துட்டாரு. நீ புதுசா என்ன வேணும்னாலும் எழுது, பழைய இணைப்ப மட்டும் தொடாத. டீயக் கொண்டா. எனக்குச் சர்க்கர போட்டுடாத.