62 இடங்களில் மாற்றப்பட்டது

...அதெல்லாம் எங்கிட்ட சொல்லாத. கம்ப்யூட்டருக்கு மூளை இருக்குன்னு எவன் சொன்னான்? சொன்னதச் செய்யும். சொல்லாத எடத்துலயும் செய்யும். அதுக்குப் பேரு மூளையா? தள்ளி உக்காருய்யா, வெயில் மூஞ்சியில அடிக்குது. நாகப்பட்டினம் போற வரைக்கும் இந்தப் பக்கந்தான் காயும்...

உன்ன எதுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு கேக்குற. சொல்றேன். அவசரப்படாத.

மூணு வருசமா 'இராஜாங்கம் பக்கம்'னு ஒண்ணு எழுதுறேன்ல, ப்ளாக்கு. நடவு, அறுப்பு, வாய்க்கால்ல தண்ணி வந்த கதை, வராத கதை. படிக்கிறது பதினோரு பேரு. அதுல ஒருத்தன் நீ. நீ எங்க படிச்ச? தப்புல்ல புடிச்ச. டீக்கடையில, பத்து பேரு முன்னாடி, செல்ல நீட்டிக்கிட்டு, "குறுவைக்கு சின்ன ரு போட்டிருக்கான்யா. குருவை அறுத்தேன்னு எழுதியிருக்கான். எந்த வாத்தியார அறுத்தான்னு கேளுங்க"ன்னு...

சிரிச்சாங்க. டீ ஆத்துறவன் வரைக்கும் சிரிச்சான். சரி. போவட்டும்.

மறுநாளே கமருன்னிஸா கடைக்குப் போனேன். கடைத்தெரு ஜெராக்ஸ் கடை. அந்தப் பொண்ணுதான் எனக்கு எல்லாம் சொல்லிக்குடுக்குது. தலைப்ப பெருசாக்குறது, படத்த சுருக்குறது... மொதல்ல நான் போட்ட வாய்க்கா படம் தெறக்குறதுக்குள்ள மேட்டூர்லேருந்து தண்ணியே வந்துரும்னுச்சு. வாய் ஜாஸ்தி. ஆனா விசயம் தெரிஞ்ச பொண்ணு. "அய்யா, தேடி மாத்துறதுன்னு ஒண்ணு இருக்கு. தப்பான சொல்ல இங்க போடுங்க, சரியான சொல்ல அங்க போடுங்க. ஒரே அமுக்கு, எல்லாப் பதிவுலயும் மாறிடும்"னுச்சு. அமுக்குனேன். முப்பத்தெட்டு குருவையும் குறுவையாயிருச்சு.

அப்பவே எந்திரிச்சிருக்கணும்.

எந்திரிக்கல. இன்னொரு சொல்லையும் மாத்திப்புடலாம்னு தோணிச்சு. எந்தச் சொல்லுன்னு கேக்காத, வரேன். அந்தப் பொண்ணு யாருக்கோ லேமினேஷன் போட்டுக்கிட்டிருந்துச்சு. நானே அடிச்சேன், நானே அமுக்குனேன். "62 இடங்களில் மாற்றப்பட்டது"ன்னு வந்துச்சு. நிம்மதியா வூட்டுக்கு வந்துட்டேன். திருப்பிப் படிச்சியான்னா, படிக்கல. கண்ணாடி வூட்டுல.

மூணாம் நாளு பதினோரு பேரு நாலாயிரம் பேரு ஆயிட்டாங்க. "அய்யா, என்ன துணிச்சல் உங்களுக்கு." "யாரும் சொல்லாதத சொல்லிட்டீங்க." சிங்கப்பூர்லேருந்து ஒருத்தன் கும்புடு போடுறான். எனக்கா, தல கால் புரியல. குறுவைய சரியா எழுதுனதுக்கு இவ்வளவு மரியாதையான்னு நெனச்சேன்.

அப்பறந்தான் கண்ணாடிய மாட்டுனேன்.

"தமிழ்நாடு மடையன் நிவாரணம் அறிவித்தது." "காய்ச்சலுக்கு மடையன் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டேன்." "மடையன்ப் பேருந்து அன்று வரவில்லை"... அந்த 'ப்' வேற அந்தரத்துல தொங்குது. "என் மகள் பிரதீபாவுக்கு மடையன் வேலை கிடைத்துவிட்டது. மடையன்க்கு நன்றி."

சிரிக்காதய்யா. கண்டக்டர் பாக்குறாரு.

அன்னைக்கே எல்லாத்தையும் பழையபடி ஆக்கிட்டேன். ஆக்கி? அதுக்குள்ள படம் புடிச்சு ஊரு பூரா அனுப்பிட்டானுவ. பிரதீபா ஆபீசுக்கே போயிருச்சு. சேந்து ரெண்டு வருசம் முடியுது, வேலைய நிரந்தரமாக்குற பைலு அதிகாரி மேசையில கெடக்கு. அவரு கூப்புட்டு, "உங்கப்பா இப்படி எழுதியிருக்காரே, நேர்ல வந்து விளக்கம் சொல்லச் சொல்லும்மா"ன்னுருக்காரு. இன்னைக்குப் பதினோரு மணிக்கு. புள்ள எங்கிட்ட பேசி ரெண்டு நாளாச்சு. சோத்த வைக்கிது, போயிடுது.

மிஷினு மேல பழியப் போடலாம்னு பாத்தேன். கமருன்னிஸா மேல போடலாம்னு பாத்தேன். அது கேக்குது, "மாத்துறதுக்கு முன்னாடி ஒரு நகல் எடுத்து வைங்கன்னு சொன்னேனா இல்லையா"ன்னு. சொல்லிச்சு. நாந்தான் காதுல வாங்கல.

என்ன முழிக்கிற? மடையன் நின்ன எடத்துல முன்னாடி என்ன சொல்லு நின்னுருக்கும், நீயே பாரு. அறுபத்திரண்டுல இருவத்தோரு எடம் கவர்மெண்ட்டு. மிச்சம் நாப்பத்தோரு எடம் யாரு?

நீதான்யா.

நாத்து பறிச்சா நீ, வாய்க்கா வெட்டுனா நீ, புயலன்னைக்கு எங்கூட கூரையப் புடிச்சுக்கிட்டு நின்னது நீ. உன்ன விட்டுட்டு ஒரு பதிவு எழுத வரல எனக்கு. டீக்கடையில வாசிச்சீல்ல, அந்தக் கோவம். உம்பேரத் தூக்கிட்டு அந்த எடத்துல மடையன்னு போட்டேன். உம்பேருலதான் கவர்மெண்ட்டும் இருக்குன்னு அப்ப எனக்கு ஓடல.

இந்தா பேப்பரு. ராத்திரியே எழுதி வச்சிட்டேன், கேளு. "கீழ்வேளூர் வீராசாமி மகன் அரசு ஆகிய நான் எழுதிக்கொடுப்பது. மேற்படி பதிவுகளில் மடையன் என்று சொல்லப்பட்டிருப்பது என்னைத்தான். மேற்படி மடையனுக்கும் தமிழ்நாடு அரசுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை." கீழ ஒரு கையெழுத்து. அவ்வளவுதான். அதிகாரி கேட்டா, ஆமா சார், நாந்தான்னு தலைய ஆட்டு.

எங்க எந்திரிக்கிற? இது சிக்கல் ஸ்டாப்புய்யா, நாகப்பட்டினம் இன்னும் வரல. யோவ்... கண்டக்டர், எடுங்க எடுங்க, அவரு எறங்க மாட்டாரு... எறங்கிட்டானே.

அரசு. யோவ் அரசு. எம்மக பொழப்புய்யா. மடையன்னு ஒத்துக்கிட்டா அரசுக்கு என்னய்யா கொறஞ்சிரும்?

ஏம்மா, முன்சீட்டுல உக்காந்துக்கிட்டு நீ எதுக்கும்மா செல்லத் தூக்கிப் புடிக்கிற? கீழ வைம்மா. நான் அந்த அரசச் சொல்லல. அதோ போறான் பாரு, கக்கத்துல குடைய வச்சுக்கிட்டு, அவன்தான் அரசு... பதிவாகுதா? இரு இரு, நிறுத்தாத. ஜன்னல் பக்கம் திருப்பு. அவன் மூஞ்சி விழட்டும்.

அரசு, ஒரு தரம் திரும்பிப் பாருய்யா.