சாளை முள்

சாளை மீன் எனக்குப் பிடிக்காது, அய்யா. முள் ஆய்ந்தே பொழுது போய்விடும். அன்றைக்கு மட்டும்தான் வாங்கினேன்.

என் அண்ணன் மகள் தன்ஷிகாவுக்கு ஒன்றே முக்கால் வயது. அண்ணனுக்குத் துறைமுகத்தில் வேலை, அனுசியா மதினிக்கு ஷிப்பிங் ஆபீசில். பகல் முழுக்கப் பிள்ளை என்னிடம்தான். எனக்குக் கல்யாணம் அமையவில்லை, அவள் அமைந்தாள்.

சேலை மடிப்பு எடுக்கும்போது ஊக்கை உதட்டில் கவ்விக்கொள்வது என் பழக்கம். அதைப் பார்த்து அவளும் உதட்டைக் குவிப்பாள். எனக்குச் சிரிப்புத் தாங்காது. ஒரு ஊக்கை அவள் வாயிலும் வைத்துப் பழக்கினேன். கை நீட்டினால் சமர்த்தாக எடுத்துத் தருவாள். அன்று கொடுத்த ஊக்கின் பூட்டு தளர்ந்திருந்தது. தெரியும். கை நீட்டினேன், ஊக்கு இல்லை. பிள்ளை இருமினாள்.

தை மாதம் அவள் ஒரு பொத்தானை விழுங்கினாள், அது தானாக வெளியே வந்துவிட்டது. மதினி அப்போதே சொல்லிவிட்டாள்: "இன்னொரு தடவை இப்படி நடந்துச்சுன்னா, பிள்ளைய ஓட்டப்பிடாரத்துல எங்க அம்மைட்ட விட்டுருவேன், பாத்துக்க."

பிள்ளை இருமிய அரை மணி நேரத்தில் தேவகனியக்கா மீன்கூடையோடு தெருவில் வந்தாள். சாளை வாங்கிக் குழம்பு வைத்தேன். தட்டோரம் நாலு முள்ளை ஒதுக்கி வைத்தேன். பிறகுதான் மதினிக்குப் போன் போட்டு, பிள்ளைக்கு முள் மாட்டிக்கொண்டது என்றேன்.

"முள்ளு மாட்டிருந்தா சோத்த உருட்டிக் குடு ஏளா, எறங்கிரும்" என்றாள். கொடுத்தேன். பிள்ளை விழுங்க மாட்டாமல் அழுதாள். விரலால் தள்ளினேன்.

சாயங்காலம் டாக்டர் கேட்டார்: "வேற எதுவும் முழுங்கினாளா? சந்தேகம்னா எக்ஸ்ரே எடுத்துருவோம்."

மதினி என்னைப் பார்த்தாள். "சாளை முள்ளுதான் டாக்டர்" என்றேன். முள் கீறியிருக்கும் என்று மருந்து எழுதிக் கொடுத்தார்.

அடுத்து வந்த மூன்று நாளும் உண்மை என் நாக்கு நுனியிலேயே இருந்தது. நாலாம் நாள் என் மடியில் ரத்தமாக வாந்தி எடுத்தாள். முந்தானையால் வாயைத் துடைத்தேன். விளையாட்டென்று நினைத்து உதட்டைக் குவித்தாள், அய்யா.

பிரேதப் பரிசோதனையில் பிள்ளையை அறுத்து எடுத்ததாக நீங்கள் ஸ்டேஷனில் காட்டிய ஊக்கு என்னுடையதுதான்.

மதினி என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே, ஏளா?"

சொல்லியிருந்தால் பிள்ளையை ஓட்டப்பிடாரம் கொண்டுபோயிருப்பாள். அவளைப் பார்க்காமல் என்னால் ஒரு நாள்கூட இருக்க முடியாது, அய்யா.